கடைசி அத்தியாயத்தை எழுதியவள்

என் தங்கை எழுதிய புத்தகத்தில் மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். அதில் எனக்குக் கிடைத்தது ஒரு வரி. 'என் ஸ்கேட்டுகளை அக்கா தீட்டிக் கொடுப்பாள். அவள் அதிகம் பேசமாட்டாள்.' தீர்ந்தது. நான் அதிகம் பேசமாட்டேனாம்! ஐஸ் தரையில் சறுக்கி ஆடும் எங்கள் ரிங்க்கில் வேலை செய்கிற யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், என் வாயைப் பற்றிச் சொல்வார்கள். இவள் இருந்த இடத்தில் வாயைத் திறக்க எனக்கு யார் விட்டார்கள்?

பதினாறு வருஷம் தீட்டினேன். அது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கேட்டின் அடியில் இருக்கும் இரும்புத் தகடு கத்தி மாதிரி ஒற்றைக் கூராக இருக்காது. நடுவில் ஒரு சின்னப் பள்ளம், இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு. இரண்டும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மயிரிழை ஏறி இறங்கினாலும், மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஒற்றைக் காலில் இறங்குகிறவளை வாரிவிடும். என் தங்கை இரண்டு தடவை உலக சாம்பியன் ஆனாள். இரண்டு தடவையும் அவள் காலுக்குக் கீழே இருந்தது என் கைவேலை. அதற்கு ஒரு வரி. அவள் வளர்த்த பூனைக்கு நாலு பக்கம்.

சரி, என் வயிற்றெரிச்சல் இருக்கட்டும். புத்தகம் வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தபாலில் வந்தது, அம்மாவின் பேருக்கு. கையெழுத்து இல்லை, கடிதம் இல்லை. 'ஆசிரியரின் அன்பளிப்பு' என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு மட்டும். அட்டை முழுக்கச் சின்னவளின் முகம். பதினேழு வருஷமாக அவள் இந்த வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவும் அவளும் பேசிக்கொள்வதில்லை. அம்மாவின் வீட்டில் இருப்பதால் நானும் அந்தக் கட்சியில் சேர்க்கப்பட்டுவிட்டேன். கண்ணில் அழுத்தம் ஏறி ஆறு வருஷத்துக்கு முன்பே அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் புத்தகத்தை அனுப்பியிருக்க மாட்டாளோ என்னவோ.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் அவள் மாஸ்டர். ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுப்பதில் அவளுக்கு நிகர் அவள்தான், அதில் சந்தேகமே இல்லை. ரிங்க்குக்குள் நாங்களும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். "இங்க நான் யாருக்கும் அம்மா இல்ல" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சின்னவள் விடிந்தது முதல் இருட்டும்வரை ரிங்க்கிலேயே கிடந்தவள். அதனால் வீட்டிலும் அவளுக்கு அம்மா, மாஸ்டர்தான். காய்ச்சலில் பிதற்றும்போதுகூட "மாஸ்டர், தண்ணி" என்றுதான் கேட்பாள். நானும் அப்படித்தான் இருந்தேன், பதினாலு வயதில் கணுக்கால் உடையும்வரை. கட்டுப் பிரித்த அன்று மாஸ்டர் என்னை ரிங்க்கில் இரண்டு சுற்றுப் போகச் சொல்லிப் பார்த்தாள். "போதும், போய் உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் நான் பழக்கதோஷத்தில் மாஸ்டர் என்று கூப்பிட்டபோது, "இனிமே அம்மான்னே கூப்பிடு" என்றாள். நான் தோற்றுப்போனதற்குக் கிடைத்த பரிசு அந்த வார்த்தை.

அப்பா? நாங்கள் சின்னக் குழந்தைகளாக இருக்கும்போதே கிளம்பிப் போய்விட்டார். மனுஷன் பிழைத்தார்.

பார்சலைப் பிரித்து விஷயத்தைச் சொன்னபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

"என்ன புத்தகம்?"

"அவளோட வாழ்க்கையாம். பேரு, புகழ், பட்ட கஷ்டம், எல்லாம் எழுதியிருக்காளாம். அட்டையில போட்டிருக்கு."

"கஷ்டமா? அவளுக்கா?" ஸ்பூன் வாய்க்குப் போனது. மென்று முடித்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள். "படிச்சுக் காட்டு. அதுல என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை இருந்தா, ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும், நானே போன் போட்டு அவகிட்ட பேசறேன். இல்லேன்னா, நான் செத்தாக்கூட அவளுக்குச் சொல்லி அனுப்பாதே."

அம்மா சொன்னால் சொன்னதுதான். பதினேழு வருஷம் கழித்து அவள் இறங்கி வந்தது இவ்வளவு தூரம். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ரிங்க்கை மூடிவிட்டு ஐஸைச் சரிசெய்வார்கள். என் தீட்டும் கடை ரிங்க்கின் பின்பக்கம். வீடு தெருவுக்கு எதிர்ப்பக்கம். அந்த இரண்டு மணி நேரம்தான் எங்கள் படிப்பு. அம்மா ஜன்னலோர நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, பயிற்சி பார்க்க உட்கார்ந்தவள் மாதிரியே உட்கார்ந்துகொள்வாள். நான் கட்டிலில்.

முதல் அத்தியாயம் புகழைப் பற்றி. நடனம் முடிந்ததும் ஜனங்கள் ரிங்க்குக்குள் பொம்மைகளை வீசுவார்களாம், ஆயிரக்கணக்கில். அவளால் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதாம். எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு அனுப்பிவிடுவார்களாம். யாரோ ஒருவன் அவள் உட்கார்ந்திருந்த கார்க் கண்ணாடியை முத்தமிட்டு, எச்சில் தடம் காய்ந்துபோய் நாலு நாள் இருந்ததாம். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். "நல்லா எழுதறா" என்றாள்.

இரண்டாவது அத்தியாயத்தில் ஆரம்பித்தது வினை. என் கண் வாய்க்கு முன்னால் ஓடியது. 'மாஸ்டர் என்னைத் தினமும் காலையில் எடை மிஷினில் ஏற்றுவாள். நூறு கிராம் கூடியிருந்தால் அன்றைக்குக் காலைச் சாப்பாடு கிடையாது. ஃப்ரிட்ஜுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது.'

நான் முதல் வாக்கியத்தைப் படித்தேன். அடுத்ததற்குப் பதிலாக, 'எடை சரியாக இருந்தால் எனக்கு இரண்டு முட்டை அவித்து, தோலை உரித்து, மாஸ்டரே ஊட்டிவிடுவாள்' என்று அவிழ்த்துவிட்டேன்.

பாவம் பார்த்து என்று நினைக்காதீர்கள். அந்த ஃப்ரிட்ஜை அம்மா கேட்டிருந்தால் அதற்கான திட்டு யாருக்கு விழும்? எழுதினவள் எங்கேயோ இருக்கிறாள். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது நான்தானே. வீட்டில் நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம் என்றுதான் பொய் சொன்னேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த முகம் அப்படி ஆகும் என்றே எனக்குத் தெரியாது.

"முட்டை ஞாபகம் இருக்காமா அவளுக்கு?" முட்டையும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனாலும் அம்மாவுக்கு அது நடந்தது மாதிரியே இருந்தது. "பாரு, எப்படி எழுதறா. நீயும்தான் இருக்கே, ஒரு லெட்டராவது ஒழுங்கா எழுதத் தெரியுமா உனக்கு?"

என் வாக்கியத்தைப் புகழ்ந்து என்னையே திட்டினாள். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. ஆனால் பாருங்கள், ஒருவிதத்தில் ருசியாகவும் இருந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். அழுத இடத்தில் சிரிக்க வைத்தேன். மாஸ்டர் பிரம்பால் கணுக்காலில் தட்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வைத்தேன். மாஸ்டர் என்ற சொல்லை மட்டும் ஜாக்கிரதையாக அப்படியே வைத்திருந்தேன். நாலு நாள் நான் சொன்னதெல்லாம் அம்மாவுக்கு வேதவாக்கு.

நாலாம் நாள் முடிவில் அம்மா, "போனை எடு. அவ நம்பரைப் போடு" என்றாள்.

இவள் போனில், "முட்டை ஊட்டினதை எழுதியிருக்கியேடி" என்று ஆரம்பித்தால், அவள் "எந்த முட்டை?" என்று கேட்பாள். "முழுசா முடிச்சுட்டுப் பேசும்மா. பாதியில பேசினா, மிச்சத்தைப் படிக்கலையான்னு கேப்பா" என்று சமாளித்தேன். அம்மா யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றாள்.

ஐந்தாம் நாள் நான் மாட்டிக்கொண்டேன். அவள் முதல் முறையாக அந்த மூன்று சுற்று ட்ரிபிளைக் குதித்த இடம் வந்தது. புத்தகத்தில், 'மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. குறிப்பேட்டில் எதையோ எழுதிவிட்டு, மறுபடி என்றாள்' என்று இருந்தது. எனக்கு என்ன பிசாசு பிடித்ததோ. பதினாலு வயதுவரை நான் அந்த ரிங்க்கில் எதற்காக விழுந்து விழுந்து எழுந்தேனோ, அது என் வாயிலிருந்து வந்துவிட்டது. 'நான் இறங்கி நின்றேன். அம்மா கைதட்டினாள். கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். என் குழந்தை என்று எல்லோரிடமும் சொன்னாள்.'

அம்மா கையை உயர்த்தினாள்.

"அதை இன்னொரு தடவ படி."

படித்தேன். வேறு வழி?

"அம்மான்னா எழுதியிருக்கா?"

"ஆமா."

"கதை விடாதே. அவ என்னை அம்மான்னு எழுத மாட்டா. அவ வாயில அந்த வார்த்தை வராது. வரவிடாம வளத்தவ நான்." குரலை உயர்த்தவே இல்லை. "எத்தனை நாளா நடக்குது இது?"

நான் புத்தகத்தை மூடினேன்.

"முட்டை?"

"இல்ல."

"ஒத்தடம்?"

"அதுவும் இல்ல."

"கண்ணு போயிடுச்சு, மூளையும் போயிருக்கும்னு நினைச்சிட்டே. உன்னால ஐஸ்லதான் நிக்க முடியலன்னு பாத்தேன். ஒரு புத்தகத்தை வெச்சுப் படிக்கக்கூட லாயக்கில்லையாடி நீ?"

முப்பத்தைந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அப்போது மூடத் தோன்றவில்லை. "உண்மைதானே வேணும்? கேட்டுக்கோ" என்று புத்தகத்தை முதலிலிருந்து பிரித்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. ரிங்க்குக்குச் சொல்லி அனுப்பிவிட்டு அன்றும் மறுநாளும் கடையைத் திறக்காமல் படித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு வரியும் அவள் மேல் விழும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காற்புள்ளி, முற்றுப்புள்ளிகூட விடாமல் நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

அம்மா அசையவில்லை. நடுநடுவே தப்புத்தான் திருத்தினாள்.

'பன்னிரண்டாவது வயதில் நான் முப்பத்து நாலு கிலோ இருந்தேன்.'

"முப்பத்து மூணு புள்ளி ஆறு."

'குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் வெளியே கேட்காமல் வாந்தி எடுக்கக் கற்றுக்கொண்டேன். மாஸ்டருக்குத் தெரியும். ஒருநாள் கதவுக்கு வெளியே நின்று, தண்ணியை வீணாக்காதே என்றாள்.'

"சொன்னேன். மேல படி."

பிறகு அவள் கல்யாணம். மேனேஜராக வந்து, புருஷனாகி, மறுபடியும் வெறும் மேனேஜராகவே ஆகிப்போனவன். தூக்க மாத்திரை. ஏழு நாள் பல் விளக்காமல் ஒரு ஹோட்டல் அறையில் படுத்துக் கிடந்தாளாம். அதே வாரம் எதிர்க் கட்டடத்தில் பற்பசை விளம்பரத்தில் நாலு மாடி உயரத்துக்கு அவள் சிரிப்பு. ஜன்னல் திரையை மூடச் சொல்லக்கூட ஆளில்லையாம். அம்மா, "டீ போட்டுட்டு வா" என்றாள். போட்டுக்கொண்டு வந்தேன். குடித்துவிட்டு, "ம்" என்றாள்.

அடுத்தது பெஞ்சு.

அதை அறியாதவர்கள் இல்லை, உலகமே டிவியில் பார்த்தது. நடனம் முடிந்ததும் ஆடினவளும் மாஸ்டரும் ஒரு பெஞ்சில் சேர்ந்து உட்கார்ந்து மார்க்குக்குக் காத்திருப்பார்கள். காமிரா முகத்துக்கு நேரே இருக்கும். மூன்றாவது பட்டத்துக்குப் போன சின்னவள் அன்றைக்கு இரண்டு தடவை விழுந்தாள். மார்க் வந்தது. ஒன்பதாவது இடம். அம்மா எழுந்தாள், கோட்டை எடுத்தாள், அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாள். காமிரா அவள் முகத்திலேயே நின்றது. 'பதினோரு நொடி. நான் எண்ணினேன். சிரிக்க வேண்டுமா அழ வேண்டுமா என்று எனக்குச் சொல்ல யாருமில்லை. அதற்குப் பிறகு நான் வீட்டுக்குப் போகவில்லை' என்று எழுதியிருந்தாள்.

நான் புத்தகத்தை மடியில் வைத்தேன். "ஏம்மா எழுந்து போனே?" பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டேன்.

"மார்க்தான் பாத்தாச்சே. அப்புறம் அங்க உக்காந்து என்ன பண்றது?"

இவளும் ஒரு தாயா என்று தோன்றியது. மறைக்காமல் சொல்கிறேன், கன்னத்தில் ஓங்கி ஒன்று விடலாமா என்றுகூடத் தோன்றியது.

"நல்லதா ஒரு வார்த்தைகூட இல்ல பாத்தியா" என்றாள் அம்மா. அப்போதுதான் அவள் குரல் லேசாகத் தேய்ந்தது. "எவ்ளோ மிச்சம் இருக்கு?"

"ஒரு அத்தியாயம். அஞ்சே பக்கம்."

"முடிச்சிடு."

முடிக்கத்தான் போனேன். அந்த ஐந்து பக்கத்தில் நல்ல வார்த்தை இருந்தது.

'பெஞ்சில் நடந்ததற்குப் பல வருஷம் கழித்து, அந்த அரங்கத்தின் காவலாளி ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். அவர் சொன்னார்: உங்கள் அம்மா அன்றைக்கு நடைபாதையில் எனக்குச் சற்று முன்னால் வந்து நின்றார். சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு, சத்தம் வராமலிருக்கக் கையை வாய்க்குள் திணித்துக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. அவள் என்னைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவளும் உடைந்துபோவாள், காமிரா இருக்கிறது என்றார்.' அடுத்த பக்கம்: 'அம்மா. இப்படி உன்னைக் கூப்பிட்டதே இல்லை நான். உன்மேல் இருந்த கோபம் அவர் சொன்ன அன்றைக்கே போய்விட்டது, வெட்கம்தான் போகவில்லை. என் போன் நம்பரை நான் மாற்றவே இல்லை. நீ கூப்பிட்டால் எடுப்பேன். ஒரே ஒரு தடவை கூப்பிடு, அம்மா.'

மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்து முடித்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கண்ணால் அழ முடியும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

"இங்க வா" என்றாள்.

போனேன். கையைத் துழாவி என் முகத்தைப் பிடித்தாள். என் கன்னமும் ஈரமாக இருந்தது.

"இதையும் நீதானே எழுதினே?"

"இல்லம்மா, இது..."

"சும்மா இரு. திட்டுறதுக்குக் கேக்கல. அவ அம்மான்னு எழுத மாட்டா. அஞ்சு நிமிஷத்துல ரெண்டு தடவ அம்மாவாம். அதை விடு, நான் அங்க நின்னது அவளுக்கு எப்படித் தெரியும்? காவலாளி யாரையும் நான் அங்க பாக்கல. எனக்குப் பின்னாடி யாரோ வந்து தண்ணி நீட்டினாங்க, நான் திரும்பாமலே ரெண்டு வார்த்தை சொன்னேன். நீதான் அன்னிக்குத் தீட்டற பெட்டியைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் சுத்திக்கிட்டிருந்தே. நீயாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். இத்தனை வருஷம் பாத்ததை ஒருத்தர்கிட்ட சொல்லல. என்னை ஒரு வார்த்தை குத்திக் காட்டல."

நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கு அந்த நேரத்தில் நான் சாமான் அறையில் பெட்டிமேல் உட்கார்ந்து, சின்னவள் விழுந்ததை நினைத்து... சொல்லிவிடுகிறேன்... கொஞ்சம் சந்தோஷமாக இருந்தேன். விளிம்பில் குறையில்லை, என் தப்பில்லை, அவளும் விழுவாள் என்று.

"முட்டைன்னு எழுதினது, கைதட்டினேன்னு எழுதினது, எல்லாம் நீ. நான் அவளைத்தான் மெச்சிக்கிட்டிருந்தேன்." அம்மாவின் கட்டைவிரல் என் புருவத்தைத் தடவியது. "எல்லாத்தையும் தூக்கி அவகிட்டயே குடுத்துட்டேன். உன்கிட்டதான் இருந்திருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சுடி, தங்கம்."

ஐம்பதை நெருங்கிய பொம்பளை நான். மண்டி போட்டு, அம்மாவின் மடிக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். புத்தகம் கட்டிலில் கிடந்தது. எதிர்க் கடைக்காரனைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொன்னால் போதும், அரை நிமிஷ வேலை. அவளுக்கு ஒரு மகள் திரும்பிக் கிடைத்திருப்பாள். அந்த விரல் என் நெற்றியை விட்டுப் போயிருக்கும். இந்த இரண்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

"சொல்லு. நீதானே?"

"ஆமாம்மா" என்றேன். "நான்தான்."

"நல்லா இருக்கு" என்றாள் அம்மா. "ரொம்ப நல்லா இருக்கு." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பழைய குரலில், "அவ ஒரு வார்த்தை எழுதல. சரி. அந்தப் பேச்சு இதோட விட்டாச்சு. புத்தகத்தைத் தூக்கிப் போடு" என்றாள்.

போட்டேன்.

ரிங்க்கில் ஐஸைச் சமன் செய்யும் வண்டியை ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷன், ஆனால் ஓட்டை வாய். அவரும் எங்கேயோ புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டார். அடுத்த வாரம் கடைக்கு வந்து, "கடைசி அஞ்சு பக்கம் படிச்சிட்டு வண்டியிலயே உக்காந்து அழுதேன்கா. மாஸ்டர் என்ன சொன்னாங்க? நான் சாயங்காலம் வந்து அவங்களைப் பாத்துட்டுப் போறேன்" என்றார்.

"வராதீங்க" என்றேன். "அவங்க அந்தப் புத்தகத்தோட பேரையே எடுக்கக் கூடாதுங்கறாங்க. பிரஷர் ஏறிடும். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

பாவம், பயந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தால்கூட எதிர்ச் சாரியில்தான் நடக்கிறார்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடை போன் அடித்தது. நான் ஒரு குழந்தையின் ஸ்கேட்டை மிஷினில் பிடித்திருந்தேன். நிறுத்திவிட்டு எடுத்தேன்.

"அக்கா."

பதினேழு வருஷம் ஆனாலும் அந்தக் குரல் தெரியாதா? "சொல்லு" என்றேன்.

"புத்தகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"மாஸ்டர்... அம்மா படிச்சாங்களா?"

"நான் படிச்சுக் காட்டினேன்."

"ஏன், அவங்க..."

"கண்ணு தெரியல. ஆறு வருஷமாச்சு."

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள்.

"நீ கேக்கலையே."

"முழுசாப் படிச்சியா? கடைசி வரைக்கும்?"

"ஒரு எழுத்து விடாம."

"கடைசி அத்தியாயமும்?"

"அதையும்தான்."

அவள் மூச்சு எனக்குக் கேட்டது. நாலு மாடி உயரத்துக்குச் சிரித்தவள், ஸ்கேட் கட்டத் தெரியாத குழந்தை மாதிரி போனில் நின்றுகொண்டிருந்தாள். "என்ன சொன்னாங்கக்கா?"

"நல்லா இருக்குன்னாங்க."

"அப்புறம்?"

"அப்புறம், அந்தப் பேச்சு இதோட விட்டாச்சு, புத்தகத்தைத் தூக்கிப் போடுன்னாங்க."

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. நீங்களே திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் அழவில்லை. அந்தப் பயிற்சி அவளுக்கு உண்டு. "சரிக்கா" என்றாள். "அவங்களைப் பாத்துக்கோ." நான் ஏதாவது சொல்வேன் என்று கொஞ்சம் காத்திருந்தாள். நான் அதிகம் பேசமாட்டேன் என்று எழுதியவள்தானே, நான் பேசவில்லை. வைத்துவிட்டாள்.

மிஷினைப் போட்டு அந்தக் குழந்தையின் ஸ்கேட்டை முடித்தேன். விளிம்பு இரண்டும் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துத்தான் கொடுத்தேன். ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்தேன்.

அம்மா ஜன்னலோரத்தில் இருந்தாள். செருப்புச் சத்தத்திலேயே நான்தான் என்று தெரிந்து முகம் திரும்பியது. இப்போதெல்லாம் அப்படித்தான் திரும்புகிறது.

"போன் கீன் எதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"யாரும் கூப்பிடலம்மா."

"ம்." ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் முகத்தை வைத்திருந்தாள். பிறகு, "சாப்பிட்டியாடி, தங்கம்?" என்றாள்.

"இல்லம்மா, சேந்து சாப்பிடலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.